வளவுக்குள் வரும் குழாய்க்கு யார் பொறுப்பு?

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் வளவு என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. தெருவைப் பார்த்து ஒரே தலைவாசல். உள்ளே நுழைந்தால் ஒரு சந்து. அதன் இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டி நாலு வீடு, ஆறு வீடு. கிணறு பொது, குளியலறை பொது, துணி காயப்போடும் கொடிகூடப் பொது. பெரும்பாலும் எல்லா வீடுகளும் ஒருவருக்கே சொந்தமாக இருக்கும். குடியிருப்பவர்கள் வாடகைக்கு வந்தவர்கள். பழைய வளவுகள் பலவற்றில் கரண்ட் இணைப்பும் ஒன்றுதான். மின்வாரியத்தின் மீட்டர் வாசலில் இருக்கும். அதற்கு உள்ளே வீட்டுக்கொரு சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார்.

அந்த வளவில் ஒரு நாள் வயர் கருகும். மின்வாரியத்திலிருந்து வருபவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, “எங்க பக்கம் சரியா இருக்கு” என்று போய்விடுவார். “உங்க கிரைண்டரால வந்தது” என்பார் வீட்டுக்காரர். “இது எங்க காலத்துக்கு முந்தின வயர்” என்பார் குடியிருப்பவர். நாலு நாள் விசிறிமட்டையோடு உட்கார்ந்த பிறகு, பொறுமை இழந்த யாரோ ஒருவர் கைக்காசு போட்டுச் சரிசெய்வார். மீட்டருக்கு அந்தப் பக்கம் அரசு, இந்தப் பக்கம் யாருமில்லை. இதுதான் வளவுகளின் நெடுநாள் நடைமுறை.

இப்போது அதே சந்துக்குள் எரிவாயுக் குழாய் வரப்போகிறது. பொறுமை இழந்த யாரோ ஒருவர் வரும்வரை எரிவாயுக் கசிவு காத்திருக்காது. ஆகவே, குழாய் வருவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்: வளவுக்குள் ஓடும் குழாய்க்கு யார் பொறுப்பு?

வாசலுக்கு வந்துவிட்ட எரிவாயு

எண்ணூரில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கிருந்து நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை போடப்படும் பெருங்குழாயின் ஒரு பகுதி, ராமநாதபுரம் – தூத்துக்குடி இடையிலான 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் நடத்திய 11-வது ஏலச் சுற்றில், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரத்தில் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் எரிவாயு வழங்கும் உரிமம் 2022-ல் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்குக் கிடைத்தது. இத்தகைய உரிமம் பெறும் நிறுவனத்துக்கு அந்த வட்டாரத்தில் குழாய்க் கட்டமைப்பு அமைக்கும் தனியுரிமை 25 ஆண்டுகளுக்கு உண்டு. இன்று பிறக்கும் குழந்தைக்குக் கல்யாணம் ஆகும்வரை நம் தெருவின் எரிவாயுக் குழாய் ஒரே கையில் இருக்கும் என்று பொருள்.

இந்த எரிபொருளை நான் எதிர்க்கவில்லை. சிலிண்டரைத் தூக்கி மாடியேற வேண்டாம். பதிவு செய்துவிட்டு நாள் எண்ண வேண்டாம். கல்யாண வீட்டு நேரத்தில் அடுப்பு அணைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். வீட்டு அடுப்புக்கு வரும்போது இயற்கை எரிவாயுவின் அழுத்தம் 21 மில்லிபார்தான்; சிலிண்டர் ரெகுலேட்டர் வழியே வருவதைவிடவும் குறைவு. முறையாகப் போட்டு, முறையாகப் பராமரித்தால் இது பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால், முறையாகப் பராமரிப்பது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டங்கள் இருக்கின்றன; சந்து இல்லை

ஊருக்கு வெளியே உருக்குக் குழாயில் உயர் அழுத்தத்தில் வரும் எரிவாயு, தெருக்களில் பாலிஎத்திலீன் குழாயில் குறைந்த அழுத்தத்துக்கு இறங்கி, வீட்டுச் சுவரில் இரும்புக் குழாயாக ஏறுகிறது. 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குமுறை வாரியம், நகர எரிவாயுக் கட்டமைப்புக்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகளை 2008-லேயே வெளியிட்டிருக்கிறது. அவசர காலத் திட்டத்துக்கு 2010-ல் விதி வந்தது. குழாயின் உறுதியைத் தொடர்ந்து கண்காணிக்க 2013-ல் விதி வந்தது. அடுப்பருகே இருக்கும் வால்வு வரை குழாய் போட்டு, சோதித்து, எரிவாயுவைத் திறந்துவிடுவது நிறுவனத்தின் வேலை. அந்த முதல் நாள் பெரும்பாலும் சரியாகவே நடக்கும். அதற்குப் பிறகு வரும் இருபது ஆண்டுகளைப் பற்றித்தான் நம் கவலை.

அந்த இருபது ஆண்டுகளில் வீட்டுக்காரர் சுவரை இடித்து அடுக்களையைப் பெரிதாக்குவார். குழாயை மறைத்து மரப்பலகை அடிப்பார். குடியிருப்பவர் மாறுவார்; புதிதாக வருபவர் குழாயில் துணிக்கொடி கட்டுவார். சந்தில் வெளியேறும் சோப்புத் தண்ணீர் பட்டுப்பட்டுக் குழாயின் அடிப்பகுதி துருப்பிடிக்கும். இவை ஒவ்வொன்றும் யார் கண்ணில் பட வேண்டும், யார் பணத்தில் சரிசெய்யப்பட வேண்டும்?

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஓரளவு பதில் இருக்கிறது. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுப் பயன்பாட்டுப் பகுதிகள் எவை என்று வரையறுக்கும்போது மின்சாரம், தண்ணீரோடு எரிவாயு அமைப்புகளையும் சேர்த்திருக்கிறது. பொது என்று ஆனால் சங்கம் பார்த்துக்கொள்ளும். வளவுக்குச் சங்கம் கிடையாது. மேலப்பாளையத்தின் நெருக்கமான தெருக்களிலும், பேட்டையின் வரிசை வீடுகளிலும், மாநகராட்சியோடு ஒட்டி வளர்ந்த புறநகர்க் காலனிகளிலும் கிடையாது.

வாடகைக்கு என்று நமக்கொரு தனிச் சட்டம் உண்டு. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பராமரிப்பில் எது உரிமையாளர் கடமை, எது வாடகைதாரர் கடமை என்று பிரித்துச் சொல்லும் அட்டவணை அதில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதும் முக்கியமான வயரிங்கும் உரிமையாளர் பக்கம். குழாயின் வாஷர் மாற்றுவது, சுவிட்ச், சமையலறைப் பொருத்தங்களின் பழுது வாடகைதாரர் பக்கம். சிலிண்டர் காலத்து மனநிலையில் எழுதப்பட்ட பட்டியல் இது. சுவரில் ஓடும் எரிவாயுக் குழாய் இதில் தண்ணீர்க் குழாயைப் போன்றதா, சமையலறைப் பொருத்தத்தைப் போன்றதா? வீட்டுக்காரரின் வழக்கறிஞர் ஒன்று சொல்வார், குடியிருப்பவரின் வழக்கறிஞர் வேறு சொல்வார். விபத்து நடந்தபின் நீதிமன்றத்தில் தெளிவாகும் பொறுப்பு யார் உயிரையும் காப்பாற்றாது.

மேலே போனால் அலுவலகங்கள் பல. ஒழுங்குமுறை வாரியம் டெல்லியில் இருக்கிறது. அழுத்தக் கலன்களுக்கும் சிலிண்டர்களுக்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அதன் அலுவலகம் சிவகாசியில் உண்டு. தெருவைத் தோண்ட அனுமதி மாநகராட்சியிடம். தீ பிடித்தால் தீயணைப்புத் துறை. வாடகைத் தகராறு என்றால் வாடகை அதிகாரி. இத்தனை பேரில், வளவின் ஆறாவது வீட்டு அடுக்களையில் வாடை வருகிறது என்று சொல்லும் ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

சிலிண்டர் அறிவு மட்டும் போதாது

சமையல் எரிவாயுவோடு நமக்கு அரை நூற்றாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கமே புதிய எரிபொருளில் நம்மைத் தவறான பக்கம் இழுக்கக்கூடும். சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் படரும். ஆகவே வாசற்கதவைத் திறக்கிறோம். இயற்கை எரிவாயுவோ காற்றின் எடையில் ஏறக்குறைய பாதிதான். கசிந்தால் மேலே போய் உத்தரத்தடியில், மச்சில், பரணில் தங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நெல்லையின் பழைய வீடுகளில் அடுக்களைக்கு மேலே புகைபோக்கி இருந்தது. சிலிண்டர் வந்ததும் பல வீடுகளில் அதை அடைத்துப் பரண் ஆக்கிவிட்டோம். இப்போது மேலே வாய் திறந்த ஜன்னலோ வெண்டிலேட்டரோ மீண்டும் வேண்டியிருக்கிறது. அதைச் சுவரில் திறப்பது வீட்டுக்காரரின் வேலை. திறக்கவைப்பது யாருடைய வேலை?

அடுப்பிலும் ஒரு விஷயம் உண்டு. இரண்டு வாயுக்களுக்கும் பர்னரின் ஜெட் துளை வேறு வேறு அளவு. குழாய் எரிவாயுவுக்கு மாற்றிய அடுப்பை அப்படியே சிலிண்டரில் இணைத்தால் தீ கட்டுக்கடங்காமல் எழும். வாடகை வீடு மாறுகிறவர்கள் அடுப்பையும் தூக்கிக்கொண்டுதான் மாறுகிறார்கள். வண்ணார்பேட்டையில் குழாய், அடுத்த ஆண்டு கே.டி.சி. நகரில் சிலிண்டர் என்று வாழும் குடும்பத்துக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் கடமை யார் பெயரிலாவது இருக்க வேண்டும்.

காப்பீடும் முகவரியைப் பொறுத்தது. எண்ணெய் நிறுவனங்கள் சிலிண்டர் விபத்துக்கு எடுத்திருக்கும் பொதுக் காப்பீட்டில், இறப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை உண்டு. சொத்துச் சேதத்துக்கான 2 லட்சம் பதிவு செய்யப்பட்ட முகவரிக்குத்தான். வேறொருவர் பெயரிலுள்ள இணைப்பில் சமைக்கும் வாடகைக் குடும்பங்கள் இந்த வரியில் சிக்கிக்கொள்கின்றன. குழாய் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் மட்டுமே இருந்தால் அதே சிக்கல் சந்துக்குச் சந்து பெருகும்.

மற்றவர்கள் கொடுத்த விலை

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நகரும் வீட்டுக் குடியிருப்புகள் ஏராளம். நிலம் ஒரு முதலாளிக்குச் சொந்தம். அதன்மேல் நிற்கும் சிறு வீடுகள் அங்கே வாழும் எளியவர்களுக்கு, முதியவர்களுக்குச் சொந்தம். எரிவாயு நிறுவனம் வாசலில் ஒரே மீட்டர் வைக்கும். அதற்கு உள்ளே நிலக்காரரே குழாய் போட்டு, வீட்டுக்கு வீடு சப்-மீட்டர் வைத்துப் பணம் வாங்குவார். நம் வளவின் கரண்ட் கணக்கேதான். குழாய் பழையதானது. எங்கே புதைந்திருக்கிறது என்பதற்கு வரைபடம்கூடப் பல இடங்களில் மிஞ்சவில்லை. மாற்றிப் போட்டால் செலவு தன் தலையில் என்று நிலக்காரர் தயங்கினார். குழாய் தன்னுடையது அல்ல என்று நிறுவனம் விலகி நின்றது. கடைசியில், 1997 முதல் கட்டப்படும் புதிய குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிறுவனமே நேரடியாக இணைப்பு தர வேண்டும் என்று சட்டம் வந்தது. பழைய குடியிருப்புகளில் புதிதாகக் குழாய் போட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு மாற்றும் திட்டத்துக்கு மாநில ஆணையம் 2014-ல் ஒப்புதல் தந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. முதல் நாளில் ஒரு வரி எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய பல்லாண்டு உழைப்பு அது.

பிரிட்டனில் 1998-ம் ஆண்டு விதிகள் இன்னும் நேரானவை. வாடகைக்கு விட்ட வீட்டின் எரிவாயுக் குழாயையும் தான் கொடுத்த அடுப்பையும் ஆண்டுக்கொருமுறை பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. சோதனைச் சான்றின் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவர் கையில் கொடுத்தாக வேண்டும். யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது.

இன்று கசிவைக் காட்டிக்கொடுக்கும் அந்த வாடைக்குப் பின்னாலும் ஒரு துயரம் உண்டு. இயற்கை எரிவாயுவுக்கு மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் எரிவாயு கசிந்து வெடித்ததில் 290-க்கும் மேற்பட்ட குழந்தைகளும் ஆசிரியர்களும் இறந்தார்கள். செலவை மிச்சப்படுத்த, பக்கத்து எண்ணெய் நிறுவனத்தின் கழிவு எரிவாயுக் குழாயிலிருந்து பள்ளி நிர்வாகம் தானே இணைப்பு எடுத்திருந்தது. எந்த அதிகாரியும் மேற்பார்க்காத குழாய். அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடை கலப்பது சட்டமானது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கசிவைப் பற்றி முன்பே முறையிட்டதாக ஊர்மக்கள் சொன்னார்கள். நம் ஊரிலேயே 2021 டிசம்பர் 17 அன்று பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்க அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் புறப்பட்டார்கள். சாவுக்குப் பிறகு புறப்படும் சோதனையை இந்த ஊர் இன்னொரு முறை பார்க்கக் கூடாது.

மடைக்கு இப்பால்

பொறுப்பைப் பங்கிட்டுக் கொள்வது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய். அணையும் கால்வாயும் அரசுடையவை. மடைக்கு இப்பால் வயலுக்குப் போகும் சிறு வாய்க்காலைக் கோடையில் தூர்வாருவது குடிமராமத்து. வயல் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆள் அனுப்ப வேண்டும். மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஓர் ஆள் இருந்தார். தண்ணீர் எங்கே யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு மாறுகிறது என்பது எழுதாத ஒழுங்காக எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஒழுங்கு கலைந்தபின் என்ன ஆனது என்றும் பார்த்துவிட்டோம். வயல்கள் மனைகளாயின, குடிமராமத்துக்கு ஆள் அனுப்ப யாருமில்லை. மேலப்பாளையம் வழியாக, பாளையங்கோட்டை வழியாக ஓடும் கால்வாய் வீட்டுக் கழிவுகளைச் சுமக்கும் சாக்கடை ஆயிற்று. சீர்கேடு அணையில் தொடங்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் போன கடைசி நூறு அடியில் தொடங்கியது.

எரிவாயுவுக்கும் அந்தக் கடைசி நூறு அடிதான் ஆபத்து. போதாக்குறைக்கு நம் தெருக்கள் ஓயாமல் தோண்டப்படுபவை. பாதாளச் சாக்கடைக்கு ஒரு முறை, குடிநீருக்கு ஒரு முறை, மின்கேபிளுக்கு ஒரு முறை. புதைந்த எரிவாயுக் குழாய்க்கு ஜேசிபியின் பல்லைவிடப் பெரிய எதிரி இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கும் உள்ளே வந்ததை மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு வெள்ளம் வந்தால் கரையோரக் குழாயின்மேல் மண் அரித்துப் போகும். மூழ்கிய ரெகுலேட்டரின் காற்றுத் துளை அடைபட்டு அழுத்தம் தவறலாம். எந்தத் தெருவின் வால்வை எந்த நிமிடம் மூடுவது என்று முடிவெடுக்க ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண் வேண்டும். வெள்ளத்தின் நடுவே அதைத் தேட முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, எந்த வளவுக்கும் வரிசை வீட்டுக்கும் ஒரே மீட்டரில் எரிவாயு கொடுத்து, உள்ளே வீட்டுக்காரர் பங்கிட அனுமதிக்கக் கூடாது. வீட்டுக்கொரு மீட்டர், வீட்டுக்கொரு மூடு வால்வு. சந்தில் ஓடும் குழாய் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் தமிழில் எழுத வேண்டும்.

இரண்டாவது, வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் மாநில அரசு ஒரு வரி சேர்க்க வேண்டும். மீட்டர் முதல் அடுப்பு வால்வு வரையிலான குழாயும் காற்றோட்டத் திறப்பும் உரிமையாளர் கடமை. டியூபும் அடுப்பும் குடியிருப்பவர் கடமை. குடியிருப்பவர் மாறும் ஒவ்வொரு முறையும் கசிவுச் சோதனை செய்து சான்று கொடுத்த பிறகே சாவி கைமாற வேண்டும்.

மூன்றாவது, வாடகைக்கு இருப்பவர் தன் பெயரில் இணைப்புப் பெற வழி வேண்டும். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வாடகையை ஏற்றுவதற்கான பேரமாக மாறக் கூடாது. காரணமின்றி மறுத்தால் வாடகை அதிகாரியிடம் முறையிட இடம் வேண்டும்.

நான்காவது, மாவட்ட ஆட்சியரின்கீழ் எரிவாயுக் குழாய்க்கென்று ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். மாநகராட்சி, தீயணைப்பு, மின்வாரியம், நிறுவனம் ஆகிய எல்லோரையும் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். குழாய்களின் வரைபடம் மாநகராட்சியில் இல்லாமல் எந்தத் தெருவையும் தோண்ட யாருக்கும் அனுமதி தரக் கூடாது. சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண் இருப்பதுபோல, குழாய்க் கசிவுக்கான எண்ணும் அந்த அதிகாரியின் பதவிப் பெயரும் ஒவ்வொரு வளவின் தலைவாசலிலும் எழுதப்பட வேண்டும்.

இவ்வளவு நிபந்தனை போட்டால் நிறுவனம் பெரிய அடுக்குமாடிகளுக்கு மட்டும் குழாய் போட்டுவிட்டு எளியவர் சந்துகளைத் தவிர்த்துவிடும் என்று ஒரு கவலை எழலாம். நியாயமான கவலைதான். ஆனால் 25 ஆண்டுத் தனியுரிமையைப் பெற்ற நிறுவனத்திடம், லாபமுள்ள தெருவோடு லாபம் குறைந்த சந்துக்கும் பாதுகாப்பாக வா என்று கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. வீட்டுக்காரர்கள் செலவைச் சொல்வார்கள். வளவு வைத்திருக்கும் எல்லோரும் பணக்காரர்கள் அல்லர். கணவரை இழந்த பின் இரண்டு வீட்டு வாடகையில் வாழும் மூதாட்டிகளும் அவர்களில் உண்டு. அவர்களுக்குச் சோதனைக் கட்டணத்தை நிறுவனமோ மாநகராட்சியோ ஏற்கலாம். செலவைப் பங்கிட வழி காணலாம். பொறுப்பைப் பெயர் சொல்லாமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

பெருங்குழாய் தூத்துக்குடி வரை வந்துவிட்டது. பல சந்துகளில் இன்னும் மண் கிளறப்படவில்லை. கலிஃபோர்னியாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது: போடுவதற்கு முன்பே பேசி முடிக்கலாம். மடை எங்கே, அதற்கு இப்பால் யார் கை என்று நம் முன்னோர்கள் தண்ணீருக்கு வகுத்தார்கள். ஆறாவது வீட்டு அடுக்களையில் விளக்கைப் போடுவதற்கு முன் வாடையை உணர்ந்து நிற்கும் அந்தப் பெண், யாரை அழைக்க வேண்டும் என்று யோசிக்காமலே அழைக்கும்படி இந்த நெருப்புக்கும் நாம் வகுத்து வைக்க வேண்டும்.